கல்லூரித் தோழியின் பெயர் போட்டு நட்புக் கயிறு பின்ன ஆசை. இதுவரை பின்னியதே இல்லை. என்னால் முடியுமா, எத்தனை நாள் ஆகும்?

முடியும். ஆனால் ஜூலை கடைசி வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு நண்பர்கள் தினம். அதற்குள் வேண்டும் என்றுதான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு எதற்காவது என்றால் நல்லதாகப் போயிற்று, நிதானமாகப் பின்னலாம்.

கீழே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் எழுத்து மணி வாங்கிக் கோத்துவிடச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் கடையிலேயே பெயர் அச்சடித்துத் தருகிறார்கள் என்கிறார். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. 2023ல் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிகளில் ரசிகர்கள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டதும் மணி கோத்ததுதான், அதிலும் அன்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது பின்னுவதைப் பற்றி. பின்னத் தெரிந்த ஒருத்தியாவது பதில் சொல்ல வேண்டாமா?

நான் பெரம்பூரில் வீட்டிலேயே ஆரி வேலை (சட்டத்தில் துணியைக் கட்டிக் கொக்கி ஊசியால் போடும் பூவேலை) செய்கிறேன். கல்யாண பிளவுஸ், சேலை முந்தானை, அதுதான் தொழில். நட்புக் கயிறு என் தொழில் இல்லை. 2024 பொங்கலுக்குக் கல்லூரித் தோழிகள் ஆறு பேர் 25 வருடம் கழித்து பெசன்ட் நகர் கடற்கரையில் சந்திப்பதாக முடிவானது. அதற்காகக் கற்றுக்கொண்டதுதான் இது.

நாங்கள் படித்த காலத்தில் நண்பர்கள் தினம் என்றால் வாழ்த்து அட்டைக் கடையில் தொங்கும் சாட்டின் ரிப்பன் பட்டைதான். வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக் கட்டுவோம். இரண்டு தடவை குளித்தால் மை போய்விடும். எங்களில் ஒருத்திக்கு அதை வாங்கக் காசு இருக்காது. அவளை யாழி என்றுதான் கூப்பிடுவோம். அவள் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து நூலை எடுத்து, சடை மாதிரி மூன்று புரியாகப் பின்னி எடுத்துவந்து எல்லோருக்கும் கட்டினாள். ரிப்பன் எல்லாம் அந்த வாரமே போய்விட்டது. அவள் கட்டிய நூல் ஒன்றரை வருடம் என் கையில் கிடந்தது. அறுந்த அன்று அழுதேன். அதனால் முதல் கயிறு அவளுக்குத்தான் என்று முடிவு செய்தேன். அவள் பெயர், அதுவும் தமிழில்.

வீட்டில் பெட்டி பெட்டியாக ஆரிக்கு வாங்கிய பட்டு நூல் இருந்ததால் அதிலேயே ஆரம்பித்தேன். பளபளவென்று அழகாகத்தான் வந்தது, ஆனால் ஒரு விரற்கடை பின்னுவதற்குள் முதலில் போட்ட முடிச்சுகள் நழுவ ஆரம்பித்தன. வழுக்கும் நூலில் முடிச்சு நிற்காது. உங்களுக்கு வேண்டியது எம்ப்ராய்டரி பருத்தி நூல், ஆறு இழை சேர்ந்தது. ஆங்கர் கண்டு என்று கேட்டால் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் எடுத்துத் தருவார்கள், ஒரு கண்டு 8 மீட்டர். நிறம் பார்த்துப் பொறுக்க வேண்டுமென்றால் சௌகார்பேட்டை போங்கள், காலையிலேயே போங்கள். சிவப்பும் கருநீலமும் வாங்கினால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் விடுகிற நூலை வெள்ளை நூலோடு சேர்த்துவிட்டால் முதல் மழையிலேயே எல்லாம் போய்விடும்.

பின்னுகிற முறை இதுதான். எழுத்து நிறத்தில் சில நூல்கள் நெடுக்காகத் தொங்கும். பின்னணி நிறத்தில் ஒரே ஒரு நூல், அதுதான் ஓட்டு நூல் (நான் வைத்த பெயர்), இடமிருந்து வலம் போய், திரும்ப வலமிருந்து இடம் வந்து, தொங்குகிற ஒவ்வொரு நூலிலும் முடிச்சு போட்டுக்கொண்டே போகும். முடிச்சு என்பது இரண்டு சுருக்கு. நூலை 4 என்ற எண் மாதிரி மடித்து, அடியில் விட்டு இழுத்தால் ஒரு சுருக்கு, அதே மாதிரி இன்னொன்று. எழுத்து தெரிய வேண்டிய கட்டத்தில் மட்டும் வேலையை மாற்ற வேண்டும். அங்கே தொங்குகிற நூலால் ஓட்டு நூலின் மேல் முடிச்சு போட வேண்டும், கண்ணாடியில் தெரியும் 4 மாதிரி. இது இடமிருந்து வலம் போகும்போது; வலமிருந்து இடம் திரும்பும்போது இரண்டு 4-ம் இடம் மாறிக்கொள்ளும். மேலே எந்த நூல் சுற்றுகிறதோ அந்த நிறம்தான் வெளியே தெரியும். இது ஒன்று விளங்கிவிட்டால் பெயர் போடுவது விளங்கிவிடும். இரண்டு சுருக்கில் ஒன்றை விட்டுவிட்டால் அந்தக் கட்டம் கோணிக்கொள்ளும். முதலில் எல்லோருக்கும் நடப்பது இதுதான்.

தொங்கும் நூல் ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஓட்டு நூலை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள், கண்டோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கண்டு போதவில்லை, இரண்டாவதை எடுத்தேன். நூல்களின் மேல் நுனிகளைச் சேர்த்துப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டிக்கொண்டால் கை சுதந்திரமாக இருக்கும். தலையணையில் ஊக்கு குத்தியும் செய்யலாம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. நம் ஊர் வியர்வையில் ஓட்டு நூல் விரலிடுக்கில் நூற்றுக்கணக்கான தடவை போய் வந்தால் வெள்ளை நூல் சாம்பல் நிறமாகிவிடும். பின்னணிக்குக் கருநிறம் எடுங்கள், எழுத்துக்கு வெளிர் நிறம். நான் மயில் நீலத்தில் மஞ்சள் எழுத்து போட்டேன்.

இனிதான் நான் பட்ட பாடு. யாழி என்பதை கிராஃப் நோட்டில் கட்டம் போட்டு வரைந்தேன். பின்னும்போது எழுத்துகள் பக்கவாட்டில் படுத்திருக்கும் என்பதால் எழுத்தின் உயரம்தான் தொங்கும் நூலின் எண்ணிக்கை. ஆங்கிலப் பெரிய எழுத்து 5 கட்டத்தில் அடங்கிவிடும். வலைத்தளங்களில் கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் அதற்குத்தான். நானும் அதைப் பார்த்து, கூட இரண்டு கட்டம் சேர்த்து 7 உயரத்தில் போட்டேன். ‘யா’ அழகாக வந்தது. ‘ழி’யும் வந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பெயரை முடித்து, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி, "யா... மி" என்றாள்.

ழகரத்தை உற்றுப் பாருங்கள். உடம்பு மகரம்தான். கீழே இறங்கி வளைகிற அந்த வால்தான் அதை ழகரமாக்குகிறது. நான் வாலுக்கு ஒரே ஒரு கட்டம் கொடுத்திருந்தேன். ஒற்றை முடிச்சு, கண்ணுக்கு அடிக்கோடு மாதிரிதான் தெரிந்தது. மேலே ‘இ’ விசிறிக்கும் இடம் போதாமல் அது ஒரு கொக்கியாக நின்றது. என் உயிர்த் தோழியின் பெயரையே நான் தப்பாக எழுதியிருந்தேன். ஊசி வைத்து நாலைந்து முடிச்சைப் பிரிக்கலாம், இருநூறு முடிச்சைப் பிரிக்க முடியாது. கத்தரித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தேன். உடம்புக்கு 5 கட்டம், வாலுக்கு 3, மேல் விசிறிக்கு 2, இரண்டு ஓரத்திலும் கரைக்கு ஒவ்வொன்று, ஆக 12 நூல். வாலை நேராக இறக்காமல் இடப்பக்கம் வளைத்து, நுனியை மறுபடி வலப்பக்கம் கொண்டுவந்தேன். பட்டை 2 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகிவிட்டது. ஆகட்டும். இந்தத் தடவை மகள் ஒரே மூச்சில் "யாழி" என்றாள்.

சுமார் 75 வரிசை, வரிசைக்கு 12 முடிச்சு. 900 முடிச்சு, 1,800 சுருக்கு. சமையல், பிள்ளை, பிளவுஸ் வேலை போக நான்கு சாயங்காலம், மொத்தம் 7 மணி நேரம் பிடித்தது. புதியவர் என்றால் உங்களுக்குப் பத்து மணி நேரம் ஆகலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து நாள். முதல் நாளை எழுத்தே இல்லாத சாய்கோட்டுப் பட்டை ஒன்று பின்னிப் பழகுவதற்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் போட்டால் பாதி வேலைதானே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், பாதி வேலைதான். ஆங்கிலத்தில் போட்டவர்களை நான் மட்டம் தட்டவில்லை, அவரவர் வசதி. ஆனால் யாழி என்ற ஒலியை ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். அந்த ழகரம் எங்கே போகிறது? 25 வருடம் நான் வாயால் கூப்பிட்ட பெயர் அது. கையிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

ஆறும் முடித்து, படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். தெரிந்த ஒருவர், அலுவலகத்தில் பிரிவு விழாவுக்கு 40 வேண்டும், எல்லாம் பெயரோடு, ஒன்று என்ன விலை என்றார். 350 சொன்னேன். "என்னக்கா, வெறும் நூலுக்கு முந்நூத்தம்பதா? அம்பது ரூபா நூல்தானே?" நூல் எனக்கு 60 ரூபாய்தான் ஆகிறது, அதை மறைக்கவே இல்லை. மீதி 290ஐ 7 மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள், மணிக்கு 41 ரூபாய். கட்டட வேலைக்கு வருகிற சித்தாள் அக்காவுக்கு இந்தக் கூலியைச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? வீட்டில் உட்கார்ந்து செய்தால் மட்டும் அது பொழுதுபோக்காகிவிடுகிறது.

வீட்டில் இருப்பவள் என்றாலே சும்மா இருப்பவள் என்ற எண்ணம் எங்கள் குடியிருப்பு முழுக்க இருக்கிறது. மூன்று மாடிக்கும் வருகிற பார்சல் என் வீட்டில், கேஸ் சிலிண்டருக்குக் காசு கொடுப்பது நான், தண்ணி லாரி வந்தால் ஓட்டுநர் அழுத்துவது என் அழைப்பு மணி. "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆரிச் சட்டத்தில் கட்டிய துணியில், பாதிச் சங்கிலித் தையலில் ஊசியை விட்டுவிட்டு எழுந்து போனால் திரும்பி வரும்போது இழுப்பு மாறியிருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியும். உதவி செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. என் நேரத்தையும் வேலை நேரம் என்று நினையுங்கள், அவ்வளவுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுத ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

உங்கள் தோழி கல்லூரி என்பதால் பிரச்சினை இல்லை. இதைப் படித்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னப் போகிறவர்கள் மட்டும் கவனிக்கவும். தென் மாவட்டங்களில் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதி அடையாளமாகப் பிள்ளைகள் நடுவே புகுந்த கொடுமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவரை உடன் படித்தவர்களே வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நட்புக் கயிற்றையும் சேர்த்துக் கழற்றச் சொல்கிறார்களே என்று என் அக்கா மகள் அழுதாள். எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஒரு பிள்ளையின் மேல் கை படாமல் இருக்க நூறு கயிற்றைக் கழற்றலாம். அவளுக்கு அதே பட்டையைப் பைக் கொக்கியில் மாட்டுகிற மாதிரி, பெயரோடு, வளையம் வைத்துப் பின்னிக் கொடுத்தேன்.

யாழிக்குக் கடற்கரையில் நானே கட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, அந்த வாலை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். போன மாதம் வந்தபோதும் கையில்தான் இருந்தது. மஞ்சள் வெளுத்திருக்கிறது, முடிச்சு ஒன்றுகூடத் தளரவில்லை.

உங்கள் தோழியின் பெயரைக் கேள்வியில் சொல்லவில்லை. ழ, ணி, றி, கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் இருந்தால் கருத்தில் எழுதுங்கள், கட்டம் வரைந்து படம் போடுகிறேன், காசு வேண்டாம். ‘ஸ்ரீ’ மட்டும் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. 14 நூல் வரை போட்டுப் பார்த்தேன், கீழ்ச்சுழி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. யாராவது பின்னியிருந்தால் உங்கள் கட்டப் படத்தை இங்கே போடுங்கள்.