மயிலிட்டியில் நிற்கும் படகு

கேள்வி: ராமேஸ்வரத்தில் இருந்து எழுதுகிறேன். பி.காம் கடைசி வருடம். டெல்லி ஜே.என்.யூ.வில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, அதனால் ஐ.ஏ.எஸ். படிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இலங்கைக் கடற்படை பிடித்துப் போன எங்கள் விசைப்படகு 2 வருடமாக யாழ்ப்பாணப் பக்கம் மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்கிறது. அப்பாவை விட்டுவிட்டார்கள், படகை விடவில்லை. இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? டெல்லியா, புதுச்சேரிப் பல்கலைக்கழகமா?

பதில்: டெல்லியா புதுச்சேரியா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். இரண்டுக்குமே க்யூட் மதிப்பெண்தான். ஆனால் தேர்வு எழுதிவிட்டு சும்மா இருந்துவிடாதே, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும், அதைக் கோட்டை விட்டுவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. வேலையா? இந்தப் பட்டத்தால் மட்டும் யாரும் தூதராகிவிடுவதில்லை. வெளியுறவுப் பணிக்கும் அதே யு.பி.எஸ்.சி. தேர்வுதான், அதற்கு உன் பி.காமே போதும். ஆக, நீ அப்பாவிடம் சொன்னது அரைகுறைப் பொய்கூட இல்லை, முழுப் பொய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறாய், அடுத்த வரியிலேயே, என்னமோ சைக்கிள் பஞ்சர் ஆன மாதிரி, படகு மயிலிட்டியில் நிற்கிறது என்கிறாய். ஏம்மா, எழுதும்போது கை கூசவில்லையா? 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டதில் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1976இல் இரண்டு அரசாங்கமும் கடிதம் மாற்றிக்கொண்டு, அவரவர் கடலில் மட்டும் மீன் பிடியுங்கள் என்றன. 2017இல் இலங்கை, கடலடியோடு வாரிக்கொண்டு வரும் இழுவை மடி வலைக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை ஏற்றியது. நீ இதையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கப் போகிறாய். அவர் இதற்கு ஒரு படகையே கொடுத்திருக்கிறார். யாருக்குப் புரியாது?

பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று அப்பா தீர்மானிக்கட்டும் என்று சொல்கிறவள் இல்லை நான். ஆனால் கூலிக்குப் போய்ப் படிக்கவைக்கிற மனுஷனுக்கு, எதற்காகப் படிக்கவைக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. இந்நேரம் படகுத்துறையில் வலையில் இருந்து மீனைப் பிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் "மக கலெக்டருக்குப் படிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாலு பேருக்கு முன்னால் நாளைக்கு அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நீ சேர்க்கைக்குக் காத்திருக்கும்போது அவரும் வீட்டில்தான் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேள்: எந்த இடத்தில் பிடித்தார்கள், அப்போது ஜி.பி.எஸ். என்ன காட்டியது, அந்தக் கோர்ட்டில் என்ன பாஷையில் பேசினார்கள். இழுவை மடி போட்டிருந்தாரா என்றும் கேள், சங்கடமாகத்தான் இருக்கும். அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். உங்கள் மடி எங்கள் வலையை அறுக்கிறது, கடலடியை வழித்துக்கொண்டு போகிறது என்கிறார்களே, அதற்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் டெல்லிக்கு ரயில் ஏறாதே.

ஒரு ராத்திரியில் முடிகிற பேச்சில்லை. "ஐ.ஏ.எஸ். இல்லப்பா" என்று ஆரம்பி.