பி.பாம் கிடைத்த மகளின் அம்மாவுக்கு

மகளுக்கு மெடிசின் தவறி, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பி.பாம், அதாவது மருந்தியல் (பாமசி) பட்டப்படிப்பு, கிடைத்திருக்கிறது. "நாலு வருசம் படித்துவிட்டு பாமசியில் குளிசை எண்ணிக் கொடுக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்தக் குளிசையை உருவாக்கக் கற்றுத்தருவதும் இதே படிப்புத்தான்.

மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோபெனாக்கை எடுங்கள். இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அதனால் சாதாரணக் குளிசையை ஒரு நாளில் இரண்டு மூன்று தரம் போடவேண்டி வருகிறது. நாளுக்கு ஒன்று போதும் என்கிற 100 மில்லிகிராம் குளிசையில், மருந்தோடு எச்.பி.எம்.சி. போன்ற பொலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளை) சேர்ப்பார்கள். ஈரம் பட்டதும் அது பலூடாவில் ஊறிய கசகசா மாதிரி வழுவழுப்பாக வீங்கும். மருந்து அந்தப் படையினூடாகக் கசிந்து, படையும் மெல்லக் கரைந்து, பல மணித்தியாலம் வேலை நடக்கும். பொலிமர் கூடினால் மருந்து முழுதாக வெளியேறாது. குறைந்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும், அது ஆபத்து. இந்தக் குளிசைகளை நொறுக்கிப் போடக்கூடாது என்பதும் இதனால்தான்; வீட்டில் அப்பம்மா இருந்தால் சொல்லிவையுங்கள்.

சரியான அளவைப் பிடிப்பதுதான் வேலை. வெவ்வேறு விகிதங்களில் குளிசை அடித்து, 37 பாகைச் சூட்டில் 900 மில்லிலீற்றர் திரவத்தில் போட்டு, துடுப்புச் சுழல, நேரத்துக்கு நேரம் கொஞ்சம் எடுத்து எவ்வளவு மருந்து கரைந்தது என்று அளப்பார்கள். ஒரு கலவைக்கே முழு நாளும் போய்விடும். மகளுக்கு உயிரியலைவிட இரசாயனவியல் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு நம்பிக்கை தந்தது அந்த வரிதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நாங்கள் பாவிக்கும் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. அதனால் தொழிற்சாலை வேலைகள் ஆஸ்பத்திரி, பாமசி வேலைகளைவிடக் குறைவு. ஆனாலும் இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் இருக்கிறது, தனியார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இருக்கிறது. மருந்து உருவாக்கும் பக்கம் போக விரும்பினால் இறுதி வருட ஆய்வுக்கு அது சார்ந்த தலைப்பையே கேட்டு எடுக்கட்டும். விடுமுறையில் தொழிற்சாலைப் பயிற்சிக்கு எழுதிப் போடட்டும். அளந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை என்பதால் புள்ளிவிபரவியலை மட்டும் அசட்டை செய்யவேண்டாம்.

மெடிசினுக்காகத் திரும்ப ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதுவதா என்பதை அவளே சொல்லட்டும். பதிவுத் திகதி தவறினால் கையில் இருக்கிற இடமும் போய்விடும். அதனால் இந்தக் கிழமையே அவளோடு இருந்து பேசுங்கள்.