மகள் கிளார்க்காகவே இருந்துவிடுவாளோ என்று கேட்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மும்பை முலுண்டில் ஓர் அரசு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. காலை எட்டரைக்கு சயானில் ரயிலேறினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. லீவு போடுவதே இல்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் சேர்ந்த பையன் ஆபீசர் ஆகிவிட்டான். இத்தனை உழைத்தும் ஏன் என்று கேட்கிறீர்கள்.

அரசு வங்கியில் உழைப்பைப் பார்த்து யாரும் கூப்பிட்டுப் பதவி உயர்வு தரமாட்டார்கள் அம்மா. நாமாக விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும், எந்தத் தேதியோடு கணக்கு, எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு மார்க், நேர்முகத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் வங்கி விடும் சுற்றறிக்கையிலேயே இருக்கும். சீனியாரிட்டியில் போகிற வழி ஒன்று, தேர்வெழுதி முந்திப் போகிற வழி ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு வழி உண்டு. அந்தப் பையன் இரண்டாவது வழியில் போயிருப்பான். மகள் போன வருஷச் சுற்றறிக்கையைப் படித்தாளா என்று முதலில் கேளுங்கள். நானும் கிளார்க்காகச் சேர்ந்தவன்தான். கவுண்டர் கூட்டத்தில் கடைசித் தேதியைக் கவனிக்காமல் ஒரு வருஷத்தை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது வங்கி ஊழியர்களுக்கென்றே உள்ள ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு. இதை நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். என்ற வங்கித் துறைப் பயிற்சி நிறுவனம் 1928இல் தொடங்கியது. அதன் தலைமையகம் அவள் தினமும் ரயிலில் கடந்துபோகும் குர்லாவில்தான் இருக்கிறது. 4 தாள்கள், ஒவ்வொன்றிலும் 100க்கு 50 எடுத்தால் தேறிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதை முடித்தால் அடுத்த கட்டத் தேர்வு சி.ஏ.ஐ.ஐ.பி. அதில் 4 கட்டாயத் தாள்கள், ஒரு விருப்பத் தாள். இவற்றுக்குச் சம்பளத்தில் இன்கிரிமென்ட் உண்டு. பல வங்கிகளில் இவற்றை முடித்தவர்கள் சீக்கிரமே பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை. அந்த இரண்டு நாளும் வீட்டு வேலை எதையும் அவள் தலையில் கட்டாதீர்கள். இது உங்களால் முடிகிற உதவி.

இனி நேர்முகம். கிளார்க் கணினியில் பதிவார், ஆபீசர் சரிபார்த்து அனுமதிப்பார். தன் கேஷை மட்டும் சரியாக வைத்துக்கொண்டவர் இனி அடுத்தவர் போட்ட பதிவுக்கும் பொறுப்பேற்க முடியுமா என்பதைத்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எடைபோடுவார்கள். 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன், செக்குக்கு 3 மாத ஆயுள், டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், படித்தால் வந்துவிடும். நிதானம் அப்படிப் படித்து வருவதில்லை.

அந்த நிதானம் உங்கள் மகளுக்கு இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், குறையாக. ஒரு பெரியவர் அவசர அவசரமாக எஃப்.டி.யை உடைக்க வந்தார். சட்டைப் பையில் போன் அழைப்பு துண்டிக்காமலே இருந்தது. கை நடுங்கியது. யாருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மகள் ஒரு துண்டுச்சீட்டில் ‘போலீஸ் என்று சொல்லி மிரட்டுகிறார்களா?’ என்று மராத்தியில் எழுதி நீட்டினாள். அவர் தலையசைத்தார். மேனேஜரைக் கூப்பிட்டு, சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டு, அவர் மகன் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். ‘அன்றைக்கும் ஒன்பது மணிக்குத்தான் வந்தாள்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

அம்மா, ஆபீசர் செய்ய வேண்டிய வேலை அதுதான். அதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் ‘நான் கடின உழைப்பாளி’ என்று சொன்னால் யார் மனதிலும் நிற்காது. இந்த ஒரு சம்பவத்தை அலங்காரமில்லாமல் சொன்னால் நிற்கும். மேனேஜரிடமும் அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "சார், அடுத்த தடவை நான் எழுதப்போகிறேன், மூன்று மாதம் கடன் டெஸ்கில் போடுங்கள்." கேஷிலேயே இருப்பவருக்குக் கடன் கேள்விகளில் தடுமாற்றம் வரும்.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்களே, ‘ஆபீசர் ஆனால் வெளியூர் போட்டுவிடுவார்களாமே’ என்று. நாலு வருஷம் அவள் விண்ணப்பிக்காததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ஆம், போடலாம். ஆபீசரை நாட்டில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம். மணமாகாத பெண்களை முடிந்தவரை பெற்றோர் இருக்கும் ஊரிலோ அருகிலோ வைக்கும்படி 2014இல் நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பதவி உயர்வு வந்தபின் வேண்டாம் என்றால், பல வங்கிகளில் சில ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே விடமாட்டார்கள். அதனால் இந்தப் பேச்சு இப்போதே உங்கள் வீட்டில் நடக்கட்டும். அவளைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். நாக்பூரோ நாந்தேடோ போகிறேன் என்று அவள் சொன்னால், தடுக்காதீர்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னைப் பார்க்க மாட்டுங்காவுக்கு அவளையும் அழைத்து வாருங்கள். சுற்றறிக்கையின் நகலை எடுத்துவரச் சொல்லுங்கள், அந்த நோட்டையும்.