1950களின் அமெரிக்கப் பாடல் குழுவான ஃபைவ் சாட்டின்ஸின் இரண்டாவது ஹிட்டில், அதன் முன்னணிப் பாடகர் ஃபிரெட் பாரிஸின் குரல் ஏன் இல்லை?

சுருக்கமான பதில்: ராணுவம்.

பாரிஸ், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன்காரர். ராணுவத்தில் இரவுக் காவல் நின்றபோது எழுதிய 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்' பாடலை 1956 தொடக்கத்தில், ஊரிலிருந்த செயின்ட் பெர்னடெட் கத்தோலிக்கத் தேவாலயத்தின் நிலவறையில் பதிவு செய்தார்கள். பெயரில்தான் ஐவர், அன்று பாடியவர்கள் நால்வரே. சாக்ஸபோன் வாசித்த வின்னி மசெட்டா அந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், இடம் கிடைத்ததும் அவரால்தான். அந்தப் பாட்டின் மந்திரமே அந்த அறையின் எதிரொலி என்பேன். கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எளியவை: ஸ்வர வரிசையின் முதலாவது, ஆறாவது மைனர், நான்காவது, ஐந்தாவது. சாக்ஸபோன் தனியாக ஒலிக்கும் இடத்தில் பின்குரல்களைக் கவனியுங்கள், இந்தக் குழுப்பாடல் பாணியின் பெயரான 'டூ-வாப்' என்ற சொல்லே தெளிவாகக் கேட்கும்.

முதலில் ஸ்டாண்டர்ட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. பிறகு நியூயார்க்கின் எம்பர் வாங்கியதும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 3, பாப் பட்டியலில் 24 வரை ஏறியது. அதற்குள் பாரிஸை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். குழு காத்திருக்க முடியாதே! பில் பேக்கர் முன்னணிக்கு வந்து 1957இல் அந்த இரண்டாவது ஹிட்டான 'டு தி ஐல்' பாடினார். பாப் பட்டியலில் 25ஆம் இடம். பேக்கரும் அருமையான பாடகர், அவரை வெறும் மாற்று ஆளாக நினைப்பது நியாயமல்ல.

1958இல் திரும்பிய பாரிஸ் குழுவைப் புதிதாகக் கூட்டினார். அந்த உயரம் மறுபடி எட்டவில்லை. ஆனால் பழைய பாடல் மட்டும் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் முதல் நூறுக்குள் திரும்ப வந்தது.