டச் ஸ்விட்ச், ஈரப்பத சென்சார், நாய்ஸ் தொல்லை: கேள்வி பதில்

எல்லாக் கேள்விக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய்ஸ், அதாவது சிக்னலில் கலக்கும் வேண்டாத மின் இரைச்சல், எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பிடிக்காமல் புரோகிராம் கோடில் கை வைக்காதீர்கள். வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கும்பகோணம்: அண்ணே, அக்ரிலிக் ஷீட்டுக்குப் பின்னாடி செம்புத் தகடு ஒட்டி இ.எஸ்.பி.32-ல (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) டச் ஸ்விட்ச் செஞ்சேன். லேப்டாப் பேட்டரியில ஓடும்போது அருமையா வேலை செய்யுது. மலிவு செல்போன் சார்ஜர்ல போட்டா, விரல் வச்சதும் லைட் ஆன், ஆஃப்னு துடிக்குது.

தம்பி, ‘விரல் வச்சதும்’ என்று எழுதியிருக்கீங்களே, விடை அதிலேயே இருக்கு. 3 மி.மீ. அக்ரிலிக்குக்கு மேல் விரல் வைத்தால் கூடும் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) ஏறக்குறைய ஒரு பிக்கோஃபாரட்தான். தகடும் வயருமே அதைப் போலப் பல மடங்கு வைத்திருக்கும். இவ்வளவு சின்ன மாற்றத்தை அளக்கும் இடத்தில் சார்ஜர் என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்ளே ஸ்விட்சிங் நடக்கும்போது, டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக நாய்ஸ் வெளியே வருகிறது. அது 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் சேர்த்தே ஆட்டும். போர்டு மொத்தமும் ஒன்றாக ஆடுவதால் தொடாதவரை அதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் நிற்பது தரையில். விரல் வைத்ததும் அந்த ஆட்டத்துக்குப் பூமிக்குப் போக வழி கிடைக்கிறது, அதுவும் டச் பின் வழியாக. நல்ல சார்ஜரில் இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் இதில் பெரும்பகுதியை உள்ளேயே திருப்பிவிடும்.

முதலில் பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். துடிப்பு நின்றால் சார்ஜர்தான் காரணம். எர்த் ஸ்க்ரூ உள்ள இரும்புப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை) வாங்கி, அதன் மைனஸை எர்த்தோடு சேருங்கள். எர்த் உண்மையில் இருக்க வேண்டும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகினால் பயனில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். டச் பின்னுக்கு ஒட்டினாற்போல் 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் தொடரில் போட்டால், பக்கத்தில் செல்போன் பேசும்போது வரும் தொல்லையும் குறையும்.

திருவையாறு: வாழைக்கொல்லையில் கெப்பாசிட்டிவ் மண் ஈரப்பத சென்சார் வைத்திருக்கிறேன். 5 எச்.பி. மோட்டார் போடும்போதெல்லாம் ரீடிங் எகிறுகிறது சார். வயர் நீளமாக, மோட்டார் கேபிளோடு சேர்ந்துதான் போகிறது.

ஐயா, அந்தக் கூட்டணியை முதலில் பிரிங்க. சென்சார் வயரை மோட்டார் கேபிளை விட்டுத் தள்ளி இழுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். முறுக்கிய ஷீல்டு கேபிள் (வயர்களைச் சுற்றி உலோக உறை உள்ளது) போட்டு, ஷீல்டை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். இரண்டு முனையிலும் சேர்த்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடும். ஸ்டார்ட்டர் காயிலுக்கு ஆர்.சி. ஸ்னப்பர் (ஸ்பைக்கை அடக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி) வையுங்கள். பல மூன்று பேஸ் ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட், அதைத் தாங்குகிற ரேட்டிங்கில் வாங்கி, எலக்ட்ரீசியனை வைத்தே மாட்டுங்கள்.

வைஃபை ஓடும்போது மட்டும் ரீடிங் கெட்டால் விஷயம் வேறு. இ.எஸ்.பி.32-ல் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. இரண்டு உண்டு, வைஃபை இயங்கும்போது ஏ.டி.சி.2 பின்களில் அளக்க முடியாது. 32 முதல் 39 வரையுள்ள ஏ.டி.சி.1 பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

திருத்துறைப்பூண்டி: உளுந்து வயலில் மண் ஈரமாத்தான் இருக்கு, சென்சார் காய்ஞ்சதுன்னு சொல்லுது. இதுவும் நாய்ஸா?

இல்லைங்க. களிமண் வெடித்து சென்சாரை ஒட்டி இடைவெளி விழுந்திருக்கும். கெப்பாசிட்டன்ஸை எவ்வளவு கூட்டும் என்று சொல்லும் மின்கடத்தாப் பொருள் மாறிலி தண்ணீருக்கு சுமார் 80, காற்றுக்கு 1. மயிரிழை இடைவெளியே ரீடிங்கைக் கவிழ்த்துவிடும். மண்ணைக் குழைத்துச் சென்சாரைச் சுற்றி அழுத்திவிடுங்கள். அப்படியே சென்சார் போர்டின் வெட்டிய விளிம்பைப் பாருங்கள், நாளாக நாளாக ஈரம் ஊறுவது அங்கேதான். நெயில் பாலிஷோ எப்பாக்ஸியோ இரண்டு பூச்சு கொடுங்கள்.

வேதாரண்யம்: கடை வாசல் டச் பேனல்ல மழைத்துளி பட்டாலே ஆன் ஆகுது. சுத்தி கிரவுண்ட் வளையம் போட்டும் சரியாகல.

அந்த வளையம்தான் உபத்திரவம். துளி விழுந்து தகட்டையும் கிரவுண்டையும் இணைத்தால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், சிப்புக்கு அது விரல் போலவே தெரியும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் பேனல் மேல் படியும் ஈரம் மின்சாரம் கடத்தும், அதனால் இன்னும் மோசம். வளையத்தைக் கிரவுண்டில் சேர்க்காமல், தகட்டில் போகும் அதே சிக்னலில் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே வோல்ட்டேஜில் ஏறி இறங்கினால் இடையில் சார்ஜ் நகராது, துளியின் பாதிப்பு வெகுவாகக் குறையும். இ.எஸ்.பி.32-ன் புதிய வகையான எஸ்3-ல் டச் 14 என்ற பின் இதற்கென்றே இருக்கிறது. பேனலைச் சற்றுச் சாய்த்து மாட்டுங்கள், தண்ணீர் தங்காது.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: நூறு ரீடிங் எடுத்து சராசரி போட்டா போதாதா சார்?

போதாதும்மா. ஒரே ஒரு பெரிய ஸ்பைக் சராசரியையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஐந்து ரீடிங் எடுத்து, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடு, பிறகு சராசரி போடு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அந்த 20-ன் மடங்கில் சமமாகப் பரப்பி எடுத்த சராசரியில் மெயின்ஸ் ஹம் (கரண்ட் லைனிலிருந்து கலக்கும் 50 ஹெர்ட்ஸ் நாய்ஸ்) பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஆன் ஆக ஓர் எல்லை, ஆஃப் ஆக வேறோர் எல்லை வை. தொடாதபோது வரும் அடிப்படை அளவை மெதுவாக நகரவிடு, விரல் மேலே இருக்கும்போது மட்டும் அதை நிறுத்திவை.

தஞ்சாவூர்: எஸ்3 போர்டுக்கு மாறினேன், பழைய கோட் அப்படியே போட்டேன். தொட்டாலும் ‘தொடல’ன்னே காட்டுது.

பழைய இ.எஸ்.பி.32-ல் தொட்டால் எண் குறையும், எஸ்3-ல் கூடும். ஒப்பிடும் குறியைத் திருப்பிப் போட்டு, எல்லை எண்ணைப் புதிதாக அளந்து வையுங்கள்.