மேசைக்கடியில் ஒரு கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன சனிக்கிழமை என் பையனை (உயர்நிலை மூன்று படிக்கிறான்) பக்கத்தில் உட்காரவைத்து 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை டிஸ்னி பிளஸ்ஸில் போட்டேன். மதுக்கடைக் காட்சி வருவதற்கு முன்பே, "பாரு, இப்ப ஹான் சோலோ மேசைக்கடியில துப்பாக்கிய உருவி முதல்ல சுடுவான்" என்று சொல்லிவைத்தேன். வந்தது வேறு. கிரீடோ என்கிற அந்தப் பச்சை ஆள் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சுடுகிறான். ஹானும் கிட்டத்தட்ட அதே நொடியில் சுடுகிறான். பையன் சிரித்துவிட்டான். "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு."

அப்புறம் தேடிப் பார்த்தபோதுதான் படத்தையே பலமுறை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், இதற்காக உலகம் முழுக்க ரசிகர்கள் கிட்டத்தட்ட முப்பது வருடமாகச் சண்டை போடுவது. பசங்களுக்கான ஒரு விண்வெளிப் படம். எடுத்தவரே தன் படத்தைத் திருத்துகிறார். இதில் நமக்கு என்ன உரிமை? நீங்களும் உங்கள் சிறுகதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் ஒரு கதையின் முடிவை மாற்றினீர்கள் என்று ஞாபகம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கோபப்பட வேண்டாம்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்
(பெயரைப் போட வேண்டாம், பையன் படித்துவிடுவான்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வேலையாகப் பையனிடம் சொல்லிவிடுங்கள்: அப்பாவின் ஞாபகம் சரிதான். 1977இல் ஹான் ஒருவன்தான் சுட்டான். கிரீடோவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. 1997 ஜனவரியில் 'சிறப்புப் பதிப்பு' என்று மறுபடி திரையரங்குக்கு வந்தபோது கிரீடோ முதலில் சுட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், குறி தவறிச் சுவரில் சுட்டான். 2004 டிவிடியில் இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பாய்ந்தன. 2019இல் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்தபோது கிரீடோவின் வாயில் 'மக்லங்க்கி' என்று புதிதாக ஒரு சொல்லை வைத்தார்கள். உங்கள் பையன் கேட்டது அதைத்தான்.

இனி, இது ஏன் பெரிய விஷயம் என்பது. நான் இந்தப் படத்தைப் பார்த்தது தோ பாயோவில் என் மாமா வீட்டில். அவரிடம் எல்டி பிளேயர் இருந்தது. அந்தக் காலத்து லேசர் டிஸ்க் தோசைக்கல் அளவு இருக்கும், குறுக்கே முப்பது சென்டிமீட்டர். ஒரு பக்கம் முடிந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். மாமா எழுந்துபோய் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பிப் போடுவார். வேறு யாரும் தொடக்கூடாது. அந்த இடைவெளியில் அத்தை தேநீர் கொண்டுவருவார். மதுக்கடைக் காட்சியை மட்டும் மாமா நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போடுவார். "மூஞ்சியப் பாக்காதடா, கையப் பாரு" என்பார்.

அப்படிச் சொல்லித்தான் நான் அந்தக் கையைப் பார்த்தேன். கிரீடோ துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மிரட்டுகிறான். கூலிக்கு விண்கலம் ஓட்டும் ஹான் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இடது கையால் பக்கத்துச் சுவரைச் சுரண்டுகிறான், பொழுது போகாதவனைப் போல. வலது கை மேசைக்கு அடியில் உறையைத் தளர்த்தித் துப்பாக்கியை மெல்ல வெளியே எடுக்கிறது. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு வெடிச்சத்தம், புகை. எழுந்து, கடைக்காரருக்கு ஒரு காசை எறிந்து, அழுக்காக்கிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான். இவன் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த இடது கை சொல்லிவிடுகிறது. தன் உயிர், தன் பணம், மற்றதெல்லாம் பிறகு.

இப்படிப்பட்டவன்தான் கடைசியில், கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், நண்பர்களைக் காப்பாற்றத் திரும்பி வருகிறான். அவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்காததால்தான் அந்த இடத்தில் கைதட்டுகிறோம். தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால், திரும்பி வருவதில் என்ன இருக்கிறது? நல்லவர்கள் வரத்தான் செய்வார்கள். இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் பின்னாளில் சொன்ன காரணம், பிற்பாடு நாயகியை மணக்கப்போகிறவன் ஈவிரக்கம் இல்லாத கொலைகாரனாக இருக்கலாமா என்பது. மாப்பிள்ளையின் பழைய கதையைக் கல்யாணத்துக்கு முன்னால் சுத்தம் செய்கிற பெரியவர்களின் கவலை மாதிரி இருக்கிறது. நம் வீடுகளிலும் நடப்பதுதான்.

எல்லா மாற்றத்தையும் நான் திட்டவில்லை. விண்கலங்களைச் சுற்றி மங்கலாகத் தெரிந்த சதுரப் பெட்டிகளைத் துடைத்தார்கள், நல்லது. இதே வரிசையின் இரண்டாம் படத்தில் மேக நகரத்தின் வெள்ளைச் சுவர்களில் சன்னல் திறந்து வெளியே வானம் தெரியச் செய்தார்கள், அதுவும் அழகுதான். அப்புறம் 1997இல் ஜப்பா என்கிற புழு மாதிரியான கொழுத்த கடத்தல் தலைவனை முதல் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். முன்பு மனித நடிகர் ஒருவரோடு எடுத்து வெட்டிப்போட்ட காட்சி அது. அதில் ஹான் அந்த ஆளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி நடந்திருந்தார். ஜப்பாவுக்கோ வால் உண்டு. என்ன செய்வது? ஹானைக் கணினியால் தூக்கி வாலின் மேல் ஏற்றி இறக்கினார்கள். எப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மூன்றாம் படத்தின் முடிவில் ஆவியாகத் தோன்றும், நாயகன் லூக்கின் தந்தையின் உருவத்தை 2004இல் மாற்றி, பின்னாளில் வந்த இளம் நடிகரை வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. செபாஸ்டியன் ஷா என்கிற முதிய நடிகர் முகமூடி கழன்ற அந்த முகத்தோடு மகனைப் பார்த்திருந்தார். சாகும்போது மகன் பார்த்த முகம் அதுதானே.

இதற்காக "என் குழந்தைப் பருவத்தையே அழித்துவிட்டான்" என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நாசூக்காகக் கேட்டாலும் குத்தியது குத்தியதுதான். ஆமாம், மாற்றினேன். அந்தக் கதையில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு வெளிநாட்டிலிருந்து மகள் போன் செய்வாள். முதல் பதிப்பில் அவர் எடுக்கமாட்டார், மணி அடித்து ஓயும். எழுதும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்கும்போது என் மகளே வெளிநாட்டில் இருந்தாள். பேனா தானாக ஓடியது. பெரியவர் எடுத்து "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அங் மோ கியோ நூலகத்தில் ஒரு வாசகர் வட்டச் சந்திப்பு. ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், இரண்டு பதிப்பையும் பையில் வைத்திருந்தார். "தம்பி, இவரு போனை எடுக்கமாட்டாரு. எனக்கு இவரைத் தெரியும்" என்றார். அது என் கதை, நான் எழுதியது என்று ஏதோ சொன்னேன். "எழுதினது நீங்கதான். பதினெட்டு வருசமா வச்சிருந்தது நான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. நான் என்ன முயன்றாலும் முதல் பதிப்பை ஒழிக்க முடியாது. சிங்கப்பூரில் வெளியிடும் நூல் எதுவானாலும் தேசிய நூலக வாரியத்திடம் இரண்டு படிகள் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். விக்டோரியா ஸ்திரீட்டில் எங்கோ ஓர் அலமாரியில் அந்தப் பெரியவர் இன்னும் போனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமென்கிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களின் வழக்கு என்று நான் புரிந்துகொள்வதும் இவ்வளவுதான். திருத்தாதே என்பதல்ல. பழையதை ஒளிக்காதே. 1997க்குப் பிறகு பழைய வடிவம் ஒழுங்கான தரத்தில் விற்பனைக்கு வரவேயில்லை. 2006இல் டிவிடியில் கொசுறாகப் போட்டார்கள், அதுவும் 1993ஆம் ஆண்டு லேசர் டிஸ்க்குக்காகச் செய்த பிரதியிலிருந்து எடுத்தது. என் மாமாவின் எல்டியை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கிய மாதிரி. லூக்காஸோ 2004இல், தன்னைப் பொறுத்தவரை அந்தப் பழைய படம் இப்போது இல்லை, வேண்டுமென்பவர்களுக்கு வீடியோ டேப் இருக்கிறது என்கிற பொருளில் பேசிவிட்டார்.

இதே மனிதர் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுகிறவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். லாபத்துக்காகவோ அதிகாரத்தைக் காட்டவோ கலைப்படைப்பைச் சிதைப்பவர்கள் காட்டுமிராண்டிகள் என்றார். வருங்காலத்தில் பழைய நெகட்டிவ்கள் தொலைந்து, மாற்றப்பட்டவை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றும் எச்சரித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட முதல் 25 படங்களில் அவருடைய இந்தப் படமும் இருந்தது. படைத்தவன் மாற்றலாம், அடுத்தவன் மாற்றக்கூடாது என்பது அவர் நியாயமாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை நானும் மதிக்கிறேன். 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை மறுபடி வெளியிட்டபோது, சாகவேண்டிய நாயகனைச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பிழைக்கவைத்தார்களே, அதில் இயக்குநர் ஆனந்த் எல். ராய்க்கும் சம்மதமில்லை, தனுஷுக்கும் சம்மதமில்லை. அதையும் லூக்காஸ் செய்ததையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் பார்க்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால், இரண்டிலும் அவன் கையிலிருந்ததைத்தான் மாற்றுகிறார்கள்.

மாற்றியும் சண்டை வராத படங்கள் உண்டு. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்தது. கதாநாயகன் பேசும் பின்னணிக் குரலும் பசுமையான சுபமுடிவும் அதில் ஒட்டவைக்கப்பட்டிருந்தன. 1992இல் இரண்டும் போயின. 2007இல் 'இறுதி வடிவம்' வந்தது. அதில், கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் பெண்ணுக்கு முன்பு டூப் போட்டிருந்தது அப்பட்டமாகத் தெரிந்ததால், அசல் நடிகை ஜோனா கேசிடியையே இருபத்தைந்து வருடம் கழித்து வரவழைத்து முகத்தைப் பதிந்து ஒட்டினார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டு வந்த பெட்டியில் ஐந்து வடிவங்களும் சேர்ந்தே இருந்தன. ஸ்பீல்பெர்க் 2002இல் 'ஈ.டி.' படத்தில் போலீஸ்காரர்களின் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கி டாக்கியாக்கினார். பழையதும் கூடவே டிவிடியில் கிடைத்தது. அப்புறம் அவரே வருந்தி, 2012 புளூரேயில் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நமக்கு இது புதிதும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. கம்பனில் தனக்குப் பிடிபடாத பாடல்களையெல்லாம் கம்பன் பாட்டே இல்லை என்று தள்ளினார், சில இடங்களில் சொல்லையே மாற்றி, கம்பன் இப்படித்தான் பாடியிருப்பான் என்றார். புலவர்கள் கொதித்தார்கள். இன்று நான் டி.கே.சி.யின் பதிப்பை ஆசையாகப் படிக்கிறேன், அவருடைய காது அப்படி. பயமில்லாமல் படிக்க முடிகிறது, ஏனென்றால் மற்றப் பதிப்புகளும் என் அலமாரியில் இருக்கின்றன. பிற்காலத்தில் யாரோ எழுதிச் சொருகியவை என்று முடிவான பாடல்களைக்கூட நம் பதிப்பாசிரியர்கள் கிழித்துப் போடவில்லை, 'மிகைப் பாடல்கள்' என்று தலைப்பிட்டுக் கடைசியில் அச்சிட்டார்கள். உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துவைத்தது எது சரி என்று தெரியாததால் அல்ல. தான் தப்பாக முடிவெடுத்திருந்தால் பின்னால் வருகிறவனுக்கு வழி வேண்டுமே என்பதால். ஹான் சுட்டதற்கும் கிரீடோ சுட்டதற்கும் அடிக்குறிப்பில் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் அந்த ரசிகர்கள் கேட்கிறார்கள்.

கிடைக்காதபோது அவர்களே இறங்கினார்கள். 1977இல் தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. பிரிண்டுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்து, கீறலும் தூசும் துடைத்து, பழைய படத்தைத் திரும்ப உருவாக்கியிருக்கிறார்கள். சட்டப்படி சரியில்லை, அதனால் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். பொறுமையை மட்டும் சொல்லவேண்டும். பல பிரிண்டுகள் இந்நேரம் வெளுத்துப் பன்னீர் ரோஜா நிறத்துக்கு வந்திருக்கும்.

என் மாமாவின் டிஸ்க் இப்போது என்னிடம் இருக்கிறது. போட்டுப் பார்க்க பிளேயர் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் அரிப்பு தெரிகிறது. சில நாள் புவன விஸ்தா பக்கம் போகும்போது அந்தப் படத்தில் வரும் மணல் வண்டியின் வடிவத்திலேயே லூக்காஸ் நிறுவனம் இங்கே கட்டிய கண்ணாடிக் கட்டடத்தைப் பார்ப்பேன். 2014இல் திறந்தபோது மாமா இருந்திருந்தால் வாசலில் போய் நின்று ஹானின் கையைப் பற்றி விசாரித்திருப்பார்.

ஒரு நல்ல செய்தி. படத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக 2027இல், 1977இல் ஓடிய வடிவத்தையே செப்பனிட்டுத் திரையரங்குகளுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறார்கள். இங்கேயும் வந்தால் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த முறை முன்கூட்டி ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் முகத்தைப் பார்க்கிறானா, கையைப் பார்க்கிறானா என்று மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்