ஊரே கையெழுத்து போட்டால் பஞ்சாயத்துத் தலைவர் பதவி போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 9 வார்டு. தலைவர் ஜெயித்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை வாசிப்பதே இல்லை, போடாத பைப்லைனுக்குப் பணம் எடுத்ததாகப் பேச்சு, கேட்கப் போனால் ஒருமையில் பேசுகிறார். வாக்காளர்களில் பாதிக்கு மேல் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது, அதோடு சரி. பாதிப் பேர் கையெழுத்து போட்டாலே பதவி பறிபோகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? எம்.எல்.ஏ.வையும் இப்படி இறக்க முடியுமா?

பதில்: உண்மையில்லை, தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. உங்களுக்கு வந்தது மத்தியப் பிரதேசத்துச் சமாச்சாரமாக இருக்கலாம். அங்கே கிராம சபை உறுப்பினர்களில், அதாவது ஊர் வாக்காளர்களில், பாதிக்கு மேல் ரகசிய வாக்கெடுப்பில் எதிராக வாக்களித்தால் ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதுவும் இரண்டரை வருடம் கழிந்த பிறகே. ஹரியானாவிலும் 2020-ல் இப்படி ஒரு வழியைக் கொண்டுவந்தார்கள். நம்முடைய 1994-ம் வருடத்து ஊராட்சிகள் சட்டத்தில் வாக்காளருக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. கிராம சபை கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அதனால் மட்டும் பதவி போகாது.

அதற்காக வழியே இல்லை என்று அர்த்தமில்லை. பிரிவு 205 என்று ஒன்று இருக்கிறது. தலைவர் வேண்டுமென்றே சட்டப்படியான கடமையைச் செய்யாமல் விட்டால், சட்டத்தையோ விதிகளையோ மீறினால், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் அவரை நீக்கலாம். இந்த நடவடிக்கை இரண்டு விதமாகத் தொடங்கும். கலெக்டர் தாமாகவே எடுக்கலாம். அல்லது ஊராட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டு, அவர்களில் இருவர் நேரில் போய் கலெக்டர் கையில் கொடுக்க வேண்டும். ஆக, கையெழுத்து போட வேண்டியவர்கள் வார்டு உறுப்பினர்கள், ஊர் மக்கள் இல்லை. மொத்த எண்ணிக்கை என்றால் காலியாகக் கிடக்கும் இடமும் சேர்த்துத்தான். 9 வார்டுக்கு 6 பேர் போதும் என்று தோன்றும், ஆனால் தலைவரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதம் வைப்பார். 7 பேரைப் பிடித்துவிடுங்கள், தலைவலி மிச்சம்.

அப்புறம் கலெக்டர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் வராவிட்டால், அல்லது வந்தும் திருப்தி இல்லாவிட்டால், விஷயம் தாசில்தாருக்குப் போகும். அவர் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார், அவருக்கு அதில் ஓட்டு கிடையாது. கடைசி முடிவு கலெக்டருடையது. உறுப்பினர்கள் எல்லோருமே தலைவருக்கு எதிராகப் பேசினாலும் அவர் நடவடிக்கையைக் கைவிடலாம், ஆனால் ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர்கள் கையை மட்டும் தூக்கிவிட்டு வரக் கூடாது. எந்தக் குற்றச்சாட்டு, எதனால் நிரூபணம் என்று ஒவ்வொருவரும் சொல்லி மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற வேண்டும். நீக்க உத்தரவு வந்த மறுநாளே தலைவர் ஹைகோர்ட்டுக்குப் போவார், அங்கே அந்த மினிட்ஸைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

இனி உங்கள் மனு. நகலைப் பார்த்தேன். மூன்று பக்கத்துக்கு அவர் ஆணவம், மரியாதை தெரியாதவர், போன தேர்தலில் வாக்குறுதி கொடுத்து ஏமாற்றினார் என்றே போகிறது. கோபம் நியாயம்தான், ஆனால் 205-க்கு இது எதுவும் பயன்படாது. மத்தியப் பிரதேசத்து முறையில் ஒரு தலைவரைப் பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். இங்கே குற்றச்சாட்டும் ஆதாரமும் வேண்டும். பைப்லைன் விஷயம் ஒரு வரியில் அடங்கிவிட்டது, உண்மையில் முழு மனுவும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த வேலையின் மதிப்பீடு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், பில், செக் எண் எல்லாம் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஊராட்சி செக்கில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்து போட வேண்டும் என்பதால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கணக்கை வைக்காத கிராம சபை எந்தத் தேதியில் நடந்தது, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற நகலும் வாங்குங்கள். வேலை நடக்காமலே பணம் எடுத்தது காகிதத்தில் தெரிந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம், அதற்கு எந்த வார்டு உறுப்பினர் தயவும் வேண்டாம்.

மனுவைப் பரிசீலிக்கக் கலெக்டருக்கு உத்தரவிடச் சொல்லி ஹைகோர்ட்டில் ரிட் வழக்கு போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், உத்தரவும் சுலபமாகவே கிடைக்கும். ஆனால் 'பரிசீலிக்கவும்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது, இப்போதைய மனுவை வைத்துப் பரிசீலித்தால் ‘ஆதாரம் இல்லை’ என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். வக்கீல் ஃபீஸ்தான் நஷ்டம், வக்கீலான நானே இதைச் சொல்கிறேன். காகிதங்கள் கைக்கு வந்ததும் புது மனு கொடுங்கள். ஊர் மக்கள் கையெழுத்தையும் அதோடு இணையுங்கள், கலெக்டர் தாமாக நடவடிக்கை எடுக்க அது ஒரு தூண்டுதல். வார்டு உறுப்பினர்களுக்கு எதிரே அதை நீட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும், அடுத்த தேர்தலில் அவர்களும் உங்கள் வாசலுக்குத்தானே வர வேண்டும்!

எம்.எல்.ஏ., எம்.பி. இருவரையும் வாக்காளர் திரும்ப அழைக்க நாட்டில் எங்கும் சட்டம் இல்லை. நாடாளுமன்றத்தில் 1974-ல் சி.கே. சந்திரப்பனும், பிற்பாடு வருண் காந்தியும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்கள், எதுவும் நிறைவேறவில்லை. தேர்தலில் லஞ்சம், முறைகேடு நடந்திருந்தால் வாக்காளரே ஹைகோர்ட்டில் தேர்தல் வழக்கு போடலாம், ஆனால் வெற்றி அறிவித்த தேதியிலிருந்து 45 நாளுக்குள். அதைத் தாண்டிவிட்டால் கட்சித் தாவல், அல்லது கிரிமினல் வழக்கில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை மாதிரி ஏதாவது தகுதியிழப்பு வந்தால்தான் பதவி பறிபோகும்.